கீறல் விழாத கோடாலி

“கள்ளனுக்குக்கூட நம்ம கடைப் பொருள்தான் சார் பிடிச்சிருக்கு.”

“பிடிச்சதாலதான் தூக்கிட்டுப் போயிருக்கான் அண்ணாச்சி.”

“அதைச் சொல்லல. கதவை எதை வெச்சு உடைச்சிருக்கான் பாத்தீயளா? நம்ம டாக்டிகல் கோடாலி. வேங்கை மரக் கதவு சார், மாடு முட்டினாலும் அசையாது. அதையே பொளந்து தள்ளியிருக்கு.”

“அது உங்க வீட்டுக் கதவு அண்ணாச்சி.”

“வீட்டுக் கதவுதான். இருந்தாலும் பவர்னு ஒண்ணு இருக்குல்லா.”

நேற்று மாலை தென்காசி அலுவலகத்தில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பால்வண்ணநாதன் பேசிய பேச்சு கௌரிசங்கரின் காதில் இன்னும் இரைந்துகொண்டிருந்தது. வீட்டில் திருடு போய் அழுதவர்களைப் பார்த்திருக்கிறான். ஆத்திரத்தில் மேஜையைக் குத்தியவர்களையும் பார்த்திருக்கிறான். பெருமைப்பட்ட ஒருவரை இப்போதுதான் பார்க்கிறான்.

குற்றாலத்துக்குக் கிளம்பிய ஸ்கூட்டர் மேலகரத்தைத் தாண்டி நகர மாட்டேன் என்றது. அருவிகளில் வெள்ளம், குளிக்கத் தடை. குளிக்க வந்த கூட்டமோ திரும்பிப் போகவும் மனமில்லாமல், தலையில் தேய்த்த எண்ணெயோடும் தோளில் போட்ட துண்டோடும் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. சாரல் பக்கவாட்டில் அடித்தது. முன்னால் ஒரு வேன், அதற்கு முன்னால் ஒரு பஸ், அதற்கும் முன்னால் என்ன என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

“ஒரு டாக்டிகல் ஹாரன் வாங்கியிருக்கலாம் சார்” என்றாள் பின்னால் இருந்த உதவியாளர் முத்துசெல்வி. வாயில் நேந்திரங்காய் சிப்ஸ்.

“நீ திங்கிறதை நிறுத்து முதல்ல. முதுகெல்லாம் தூள்.”

“மாப்பிள்ளை விசாரிக்கப் போனா காப்பியாவது குடுப்பாங்க. இந்தக் கேஸ்ல நம்ம கைக்காசுதான்.”

அவள் சொன்னதில் உண்மை இருந்தது. கௌரிசங்கரின் துப்பறியும் நிறுவனம் நடப்பதே கல்யாண விசாரணைகளால். மாப்பிள்ளை குடிப்பானா, பெண்ணுக்கு வேறு யாரையாவது பிடித்திருக்கிறதா, வேலை சொன்ன வேலைதானா என்று பெற்றவர்களுக்குச் சொல்லித்தான் வாடகை கட்டுகிறான். எப்போதாவது இப்படி ஒரு திருட்டு வந்தால் ஆசையோடு ஓடுவான். ஓடி, இப்படி நடு ரோட்டில் நனைவான்.

கேஸ் இதுதான். பால்வண்ணநாதனுக்குக் குற்றாலம் பஜாரில், பட்டாளத்துப் பாணியில் ‘டாக்டிகல்’ கத்தியும் டார்ச்சும் விற்கும் ‘கமாண்டோ கார்னர்’ என்று ஒரு கடை. மேலகரத்துக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் வீடு. முந்தாநாள் மாலை அவருடைய மனைவி உமாதேவி, மகள் மீனுவைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், பின்கதவு வெட்டப்பட்டுத் திறந்து கிடக்கிறது. சீசனுக்காக வரவழைத்து வீட்டில் அடுக்கி வைத்திருந்த சரக்குப் பெட்டிகளைக் காணோம். வாசற்படியில் ஒரு கறுப்புக் கோடாலி கிடந்தது. அதன் கைப்பிடியில் ‘முத்து’ என்று பொறித்திருந்தது.

முத்து என்றால் முத்துகுமரன், உமாதேவியின் தம்பி. பொங்கலுக்கு அத்தான் ஆசையாகப் பெயர் பொறித்துக் கொடுத்த கோடாலி அது. அந்த நன்றிக்கு அவன் செய்தது, அத்தானுடைய விளம்பர வீடியோவுக்குக் கீழே போய், ‘இதை வெச்சு வெண்டைக்காய் நறுக்கலாம்’ என்று எழுதியதுதான். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

அந்த முத்துகுமரனுக்கு இப்போது வனக்காவலர் வேலை கிடைத்திருக்கிறது. போலீஸ் சரிபார்ப்பு ஒன்றுதான் பாக்கி. இந்த நேரத்தில் அவன் பெயரில் ஒரு புகார் விழுந்தால் வேலை போச்சு. பால்வண்ணநாதன் இன்று பொழுது அடைவதற்குள் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுக்கப் போவதாக முடிவாகச் சொல்லிவிட்டார். காலையில் கௌரிசங்கர் அவனுடைய ஊரான வடகரைக்குப் போய் விசாரித்ததில் ஒரு மண்ணும் கிடைக்கவில்லை. திருடு நடந்த நேரத்தில் முத்துகுமரன் கால்வாய்க் கரையில் ஓடிக்கொண்டிருந்தானாம். பார்த்தவர்கள் யார் என்று கேட்டதற்கு, “கொக்கு பாத்திருக்கும்” என்றான்.

“கோவத்துல பேசுதான் சார். எடுத்தவன் இப்படிப் பேச மாட்டான்” என்றாள் முத்துசெல்வி.

“அதை ஸ்டேஷன்ல போய்ச் சொல்லு.”

பஸ் நகர்ந்தது. வேன் நகரவில்லை. கௌரிசங்கர் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்தான்.

*

கமாண்டோ கார்னரில் எல்லாமே கறுப்பு. கத்தி, டார்ச், பெல்ட், பை, மடக்கு மண்வெட்டி, தண்ணீர் பாட்டில்கூடக் கறுப்பு. பஜாரின் மற்ற கடைகளில் பழமும் அல்வாவும் பளபளக்க, இந்த ஒரு கடை மட்டும் எவனோ தார் ஊற்றியதுபோல் இருந்தது. ஆனால் கூட்டம் இங்கேதான் அதிகம். குளிக்க முடியாத இளவட்டங்கள் கத்தியைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பால்வண்ணநாதன் ஒரு வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருந்தார். நல்ல குரல் அவருக்கு.

“என் வீட்டுல நடந்த சம்பவம் தம்பி. போன மார்கழி. நான் கடையில இருக்கேன். என் சம்சாரமும் பிள்ளையும் தனியா. சுத்தி வயக்காடு. எவனோ வந்து பின்கதவைப் பிடிச்சு ஆட்டுதான். யோசிச்சுப் பாருங்க. அந்த நேரத்துல அவ கையில என்ன இருந்துச்சு? ஒண்ணும் இல்ல. அன்னைக்கு முடிவு பண்ணேன். எந்தக் குடும்பத்துக்கும் அந்த நிலைமை வரப்பிடாது.”

வாடிக்கையாளர் ஒரு டார்ச்சும் ஒரு கத்தியும் வாங்கிக்கொண்டு போனார்.

“இப்பவும் ராத்திரி கடைதானா அண்ணாச்சி?” என்று கேட்டான் கௌரிசங்கர்.

“சீசன்ல கடையை அடைச்சு வீட்டுக்குப் போக நடுச்சாமம் ஆயிரும். ஆனா இப்பக் கவலை இல்ல சார். தலையணைக்கு அடியில கத்தி, கட்டிலுக்குப் பக்கத்துல டார்ச், அடுப்படியில கள்ளன் கண்ணுல அடிக்க ஒரு ஸ்பிரே. வீட்டைக் கோட்டையா ஆக்கிட்டேன்.”

“அந்தக் கோட்டையிலதான் திருட்டு” என்று முணுமுணுத்தாள் முத்துசெல்வி. பிறகு ஒரு பேனாவை எடுத்துக் காட்டினாள். “அண்ணாச்சி, இது என்ன?”

“டாக்டிகல் பேனா. ஆபத்துன்னா குத்தலாம். கார் கண்ணாடியை உடைக்கலாம்.”

“எழுதுமா?”

“ரீஃபில் தனியா வாங்கணும்.”

“இந்தத் தகடு?”

“பதினோரு வேலை செய்யும்மா. மூடி திறக்கும், ஸ்க்ரூ முடுக்கும்.”

“பதினோரு தடவையும் நம்ம நகம்தான் உடையும் போலிருக்கு. இந்த மண்வெட்டியை எங்க அப்பாகிட்ட குடுத்தா ஒரு வரப்பு வெட்டி முடிக்கதுக்குள்ள அறுப்பே வந்திரும்.”

“எம்மா, நீ எந்தக் கட்சி?”

கௌரிசங்கருக்குப் பொறுமை இல்லை. “அண்ணாச்சி, அந்தக் கோடாலி எங்க?”

பால்வண்ணநாதன் கையை நீட்டினார். கல்லாவுக்கு மேலே கண்ணாடிப் பெட்டி ஒன்று. உள்ளே சிவப்பு வெல்வெட் துணியில் கோடாலி படுத்திருந்தது. முன்னால் ஓர் அட்டை: ‘நிஜத் திருட்டில் நிரூபிக்கப்பட்டது.’

முத்துசெல்வி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். கௌரிசங்கருக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. ஒரு பையனின் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருக்கிறது, இந்த மனிதர் அதற்கு வெல்வெட் விரித்திருக்கிறார்.

“ரீல் போட்டேன் சார் நேத்து. கதவையும் கோடாலியையும் பக்கத்துப் பக்கத்துல வெச்சு. எம்புட்டுப் பேரு பாத்திருக்கான் தெரியுமா? இன்னைக்குக் காலையில இருந்து கோடாலிதான் போகுது.”

கௌரிசங்கர் கோடாலியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். விளிம்பில் விரலை ஓட்டினான்.

“கீறல் ஒண்ணுகூட இல்லையே.”

“அதான் சார் கோட்டிங். அம்புட்டுக் கதவை வெட்டியும் கறுப்பு போகல பாருங்க. மிலிட்டரி கிரேடு.”

“எந்த மிலிட்டரி அண்ணாச்சி?” என்று கேட்டாள் முத்துசெல்வி.

“அது… பெட்டியில அப்படித்தான் போட்டிருக்கு.”

கௌரிசங்கர் அலமாரியிலிருந்து அதே மாதிரிப் புதுக் கோடாலி ஒன்றை எடுத்தான். “இதை ஒரு தடவை வெட்டிப் பாக்கணும்.”

“டெமோ பீஸ் இல்லையே சார்.”

“என் கணக்குல எழுதிக்கோங்க.”

அடுத்த கடை சிவசைலத்தின் இளநீர்க் கடை. அங்கே காய் வெட்டுவதற்கு ஒரு புளியங்கட்டை கிடந்தது. கௌரிசங்கர் கேட்டதும் சிவசைலம் மறுபேச்சில்லாமல் தள்ளி நின்றார். பொழுதுபோகாமல் நின்ற கூட்டம் வளைத்துக்கொண்டது. பால்வண்ணநாதன், “மெள்ள, மெள்ள” என்றபடி கூடவே வந்தார்.

முதல் வெட்டில் கறுப்புப் பூச்சு அவல்போல் உதிர்ந்தது. உள்ளே வெள்ளைத் தகரம் பல்லைக் காட்டியது. அடுத்த வெட்டில் விளிம்பு மடங்கியது. மூன்றாவதாக ஓங்கியபோது தலை கைப்பிடியிலேயே சுழன்று வேறு திசையைப் பார்த்தது. புளியங்கட்டையில் ஒரு தழும்பு, அவ்வளவுதான்.

கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். சற்றுமுன் கத்தி வாங்கிய வாடிக்கையாளர், “அண்ணாச்சி, இதை மாத்திக்கிடலாமா?” என்று பையை நீட்டினார்.

பால்வண்ணநாதனின் முகம் செத்துவிட்டது. கௌரிசங்கர் அவரை ஓரமாக இழுத்துக்கொண்டு போனான்.

“பாத்தீயளா அண்ணாச்சி? மூணு வெட்டுக்கு இந்தக் கதி. உங்க வீட்டுல கிடந்த கோடாலியில ஒரு கீறல் இல்ல. அது கதவைத் தொடவே இல்ல. ஒண்ணு, உங்க கோடாலி உசத்தின்னு சொல்லணும், அப்ப மச்சினன் கள்ளன். இல்ல, கோடாலி வெத்து வேட்டுன்னு ஒத்துக்கணும், அப்ப அவன் பேருல இருக்கிற ஒரே சாட்சியும் போச்சு. எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

பால்வண்ணநாதன் கோடாலியைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். கடைப் பலகையைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து முத்துகுமரன் வந்து சேர்ந்தான். பைக்கை நடு பஜாரில் நிறுத்திவிட்டு நேரே வந்தான். நனைந்து, சிவந்த கண்களோடு இருந்தான்.

“ரீலைப் பாத்தேன் அத்தான். ‘எங்க வீட்டுக் கள்ளன்’னு போட்டிருக்கீய. எங்க தெருவுல எல்லாரும் பாத்துட்டாங்க. எங்க அம்மா சாப்பிடல.”

“நான் உன் பேரைப் போடலலே.”

“கைப்பிடியில போட்டிருக்கே. அந்தக் கோடாலியை நமக்குள்ள பேச்சு நின்ன அன்னைக்கே அக்காகிட்ட திருப்பிக் குடுத்துட்டேன். அவகிட்ட கேட்டுப் பாருங்க.”

“கேட்டேன். ஒண்ணும் சொல்ல மாட்டேங்கா. தம்பியைக் காட்டிக்குடுக்க எந்த அக்காவுக்கு மனசு வரும்?”

“வனத்துறையில எனக்கு ஒரு வேலை அத்தான். அதுக்காக எம்புட்டு ஓடியிருக்கேன்னு அக்காவுக்குத் தெரியும்.” அவன் குரல் உடைந்தது. அது தெரியக்கூடாது என்று சட்டெனத் திரும்பி, பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பால்வண்ணநாதன் பைக் போன திசையைப் பார்த்தார். பிறகு புதிதாக ஒன்று தோன்றியவராய் நிமிர்ந்தார். “சரி சார். கோடாலி கதவை வெட்டல. ஒத்துக்கிடுதேன். ஆனா வாசல்ல கிடந்ததுல்லா? அது தானா நடந்தா வந்துச்சு? அவன் வந்திருக்கான். வேற எதையோ வெச்சு உடைச்சிருக்கான். புகாரை எழுதத்தான் செய்வேன்.”

கௌரிசங்கருக்குத் தலையைப் புளியங்கட்டையில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அரைமணி நேரம் மல்லுக்கட்டி ஒரு சாட்சியை உடைத்தால், மனிதர் ஒரே வாயில் அதை ஒட்டவைத்துவிட்டார்.

“கதவைப் பாக்கணும்” என்றான். “இப்பவே.”

*

வீடு தெருக்கோடியையும் தாண்டி, ஒற்றையாக நின்றது. ஒரு பக்கம் தென்னையும் தேங்காய் போட்டுவைக்கும் ஒரு செட்டும், மற்ற மூன்று பக்கமும் நெல் வயல். காற்றில் நெல் சலசலக்கும் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை.

உமாதேவிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கண்ணுக்குக் கீழே தூங்காத கறுப்பு. வந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, ஒரு தட்டில் பலாச்சுளை கொண்டுவந்து வைத்தாள். கணவரைப் பார்த்து, “என்னங்க, ஒரு நிமிஷம்…” என்று தொடங்கினாள்.

“இரு உமா. ஏட்டையா கூப்பிடுதாரு.” பால்வண்ணநாதன் போனைக் காதில் வைத்தபடி முற்றத்துக்குப் போய்விட்டார்.

அவள் தொடங்கிய வாக்கியம் அப்படியே நின்றது. அது அந்த வீட்டில் வழக்கம்தான் போலும் என்று நினைத்துக்கொண்டான் கௌரிசங்கர். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை.

ஒரு சுளையைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் பின்கதவுக்குப் போனான். தாழ்ப்பாளைச் சுற்றிப் பலகையில் ஆழமான வெட்டுகள். தகரக் கோடாலி இந்த வேலையைச் செய்திருக்கவே முடியாது. நல்ல எடையுள்ள, கூரான இரும்பு. வெட்டியவருக்குக் கை பழக்கமும் இருந்திருக்கிறது.

“சார், இங்கன பாருங்க. ஊர்வலம்” என்றாள் முத்துசெல்வி.

கதவுநிலையின் அடியிலிருந்து ஒரு எறும்புச் சாரை மேலே ஏறி, ஒவ்வொரு வெட்டுக்குள்ளும் நுழைந்து நுழைந்து வெளியே வந்துகொண்டிருந்தது. கௌரிசங்கர் ஒரு வெட்டில் விரலை வைத்தான். பிசுபிசுவென்று ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோனான். பலாப்பழ வாசனை, அதோடு தேங்காய் எண்ணெய் வாசனை. மற்றொரு கையில் பலாச்சுளை இருந்ததால் முதலில் தன் கையைத்தான் சந்தேகித்தான். சுளையை முத்துசெல்வியிடம் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்து, மறுபடி தொட்டுப் பார்த்தான். அதே பிசுக்கு. அதே வாசனை.

பலாப்பழம் அறுக்கிறவர்கள் பால் ஒட்டாமலிருக்க அரிவாளில் எண்ணெய் தடவிக்கொள்வார்கள். எவ்வளவு தடவினாலும் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும்.

“கள்ளன் வாற வழியில பலாப்பழம் அறுத்துட்டு வந்திருக்கான் போல” என்றாள் முத்துசெல்வி, அவன் கொடுத்த சுளையை மென்றுகொண்டே.

கௌரிசங்கர் உள்ளே திரும்பி, “ஏம்மா, இந்தப் பழத்தை என்னைக்கு அறுத்தீங்க?” என்று கேட்டான்.

“முந்தாநாள் மத்தியானம்.”

“எதை வெச்சு?”

“அரிவாளாலதான்.”

“அரிவாள் எங்க இருக்கும்?”

உமாதேவி பலாச்சுளைத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். “அடுப்படியில” என்றாள் மெதுவாக.

முத்துசெல்விக்கு வாய் சும்மா இருக்காது. “பாவம் சார் கள்ளன். அரிவாளை எடுக்கணும்னா கதவை உடைச்சு உள்ள வரணும். கதவை உடைக்கணும்னா அரிவாள் வேணும். எம்புட்டு அலைஞ்சானோ…”

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். மென்றுகொண்டிருந்த வாயும் நின்றது. கௌரிசங்கரைப் பார்த்தாள். பிறகு உமாதேவியைப் பார்த்தாள்.

“முத்துசெல்வி, அந்தத் தேங்காய்ச் செட்டுல போய்க் கொஞ்சம் பாரு” என்றான் கௌரிசங்கர்.

“சாக்குக்கு அடியில” என்றாள் உமாதேவி, தரையைப் பார்த்தபடி.

முத்துசெல்வி சத்தமில்லாமல் போனாள்.

முற்றத்தில் பால்வண்ணநாதன் உரத்துப் பேசிக்கொண்டிருந்தார். “ஆமா ஏட்டையா, மச்சினன்தான். என்ன செய்ய, வெளிய சொல்ல முடியல. நேர்ல வாரேன்.”

கௌரிசங்கருக்கு இந்தத் தொழிலில் வெறுப்பான இடம் இதுதான். பணம் கொடுக்கிறவர் முற்றத்தில் நிற்கிறார். அவர் தேடச்சொன்ன ஆள் பலாச்சுளைத் தட்டோடு முன்னால் நிற்கிறாள்.

“ஒண்ணு கேக்குதேன்ம்மா. போலீசுக்குப் போறதுக்கு முன்னாடி என்கிட்ட வரணும்னு அண்ணாச்சிக்குத் தோணியிருக்காது. அவருக்கு அம்புட்டுப் பொறுமை கிடையாது. யார் சொன்னது?”

“நான்தான்.”

“கண்டுபிடிச்சிருவேன்னு தெரியாதா?”

“கண்டுபிடிச்சிருவீயன்னுதான் சொன்னேன்.” அவள் இப்போது நிமிர்ந்து பார்த்தாள். “என் தம்பி திருப்பிக் குடுத்ததை அந்தப் பெட்டியில போட்டு மறந்துட்டேன், அவன் பேரு அதுல இருந்ததைக் கவனிக்கல. ஒரு கள்ளன்னா கையில ஏதாச்சும் வேணும்லான்னு, பெட்டியில மேல கிடந்ததை எடுத்துப் போட்டேன். மீனு அப்பாகிட்ட ரெண்டு நாளா சொல்லிரலாம் சொல்லிரலாம்னு பாக்குதேன். ஒண்ணு போன், இல்லன்னா கடை. தூங்குறவியளை எழுப்பிச் சொல்லத் தைரியம் வரல. வேற யாராச்சும் சொல்லிட்டா தேவலன்னு இருந்துச்சு.”

“நான் சொல்லட்டுமா?”

அவள் தட்டைக் கீழே வைத்தாள். “வேண்டாம். பக்கத்துல மட்டும் நில்லுங்க.”

பால்வண்ணநாதன் உள்ளே வந்தார். “ஏட்டையா ஸ்டேஷன்லதான் இருக்காராம். நான் கிளம்புதேன் சார்.”

“என்னங்க.”

“வந்து பேசுதேன் உமா.”

போன் மறுபடி அடித்தது. அவர் காதுக்குக் கொண்டுபோவதற்குள், தேங்காய் நார் ஒட்டிய கையோடு உள்ளே வந்த முத்துசெல்வி அதை வாங்கிக்கொண்டாள். “குடுங்க அண்ணாச்சி. சார்ஜ் கம்மியா இருக்கு, போட்டுத் தாரேன்.”

“எம்மா, அது முக்கியமான…”

“பெட்டி நம்ம தேங்காய்ச் செட்டுல இருக்கு” என்றாள் உமாதேவி. “எல்லாம் பத்திரமா இருக்கு.”

அவர் திரும்பினார். “யாரு வெச்சா?”

“நான்.”

“கதவு?”

“அதுவும் நான்தான். அரிவாளால.”

பால்வண்ணநாதன் கௌரிசங்கரைப் பார்த்தார். கௌரிசங்கர் வேறு பக்கம் பார்த்தான். அவர் மறுபடி மனைவியைப் பார்த்து, நம்ப முடியாமல் கேட்டார்: “நம்ம கோடாலிதான் கையிலயே இருந்துச்சே. எதுக்கு அரிவாள்?”

“கதவை வெட்டணும்லாங்க.”

முத்துசெல்வி இருமினாள். பால்வண்ணநாதன் மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த வேகத்தில் தலையணை நகர்ந்து, அடியில் இருந்த மடக்குக் கத்தி தரையில் விழுந்தது. ஒருவரும் அதை எடுக்கவில்லை.

“ஏன் உமா?”

“கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி, மீனுவை டியூஷன்ல விட்டுட்டு வந்துதான் வெட்டினேன்” என்றாள் அவள். குரல் நடுங்கினாலும் நிற்கவில்லை. “பட்டப்பகல். எம்புட்டுச் சத்தம் தெரியுமா? எனக்கே காது அடைச்சுப்போச்சு. யாராச்சும் வருவாங்க, என்னன்னு கேப்பாங்க, என்ன சொல்லன்னு பயந்துக்கிட்டேதான் வெட்டினேன். ஒரு ஆள் எட்டிப் பாக்கல. வெட்டி முடிச்சு அங்கனயே உக்காந்துட்டேன். அப்பத்தான் இன்னும் பயமாப்போச்சு.”

“இதை எதுக்குச் செஞ்சே?”

“உங்க சாமான் அம்புட்டையும் தாண்டி ஒருத்தன் உள்ள வந்துட்டான்னு பாத்தா நீங்களும் பயப்படுவீயன்னு நினைச்சேன். நீங்க பயந்தா எனக்குக் கேக்க லேசா இருக்கும்னு. வந்தீய. பாத்தீய. கதவைப் போட்டோ எடுத்தீய.”

வெளியே சாரல் விட்டிருந்தது. தென்னை ஓலையிலிருந்து சொட்டும் தண்ணீர் முற்றத்தில் விழுந்தது. பால்வண்ணநாதனின் நல்ல குரல் எங்கோ போய்விட்டது. “என்ன கேக்கணும் உனக்கு? அன்னைக்கே கேட்டிருக்கலாம்லா.”

“மார்கழியில இருந்து கேக்கணும்னுதான் இருக்கேன். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரு டார்ச்சைக் கொண்டாந்து கையில குடுத்திருதீய. அதை வெச்சுக்கிட்டு நான் எதைப் பாக்க? கதவைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன். நெல்லு அசைஞ்சாக்கூட எவனோ வாரான்னு இருக்கும். பிள்ளை தூங்கிரும். எனக்குத் தூக்கம் வராது.”

“இப்பச் சொல்லு” என்றார் அவர்.

கௌரிசங்கர் முத்துசெல்விக்குக் கண்ணைக் காட்டினான். இருவரும் வெட்டுப்பட்ட கதவைத் தாண்டி வெளியே வந்தார்கள். முத்துசெல்வியின் கையில் போன் மறுபடி அதிர்ந்தது. திரையில் ஏட்டையாவின் பெயர். அவள் அதை எடுக்காமல் முந்தானைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. பிறகு உமாதேவியின் குரல் தெளிவாகக் கேட்டது.

“பொழுது அடைஞ்சா வீட்டுக்கு வந்திருங்க. கடையை யாரு பாப்பான்னு கேக்காதீய, எனக்குத் தெரியாது. ராத்திரி எங்க கூட இருங்க.”